வெல்வெட் இலைக்காரர்

உலகத்து உயிர்களையெல்லாம் வகைபிரித்துப் பெயர் வைத்தவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள்: வெல்வெட் இலைக்காரர்.

சாதாரணமாகச் செடி வளர்ப்பவர் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார். இவர் அப்படியா? கரும்பச்சையில் வெள்ளை நரம்போடிய, தொட்டால் பூனைக் காது போலிருக்கிற, ஆனால் யாரும் தொடக்கூடாத பிலோடென்ட்ரான் செடி ஒன்றை வாங்கி வைத்து, நேர்வெயில் ஆகாதென்று திரை போட்டு, திரை போட்டதால் இருட்டென்று விளக்குப் போட்டு, வேர் அழுகுமென்று தண்ணீரைக் குறைத்து, காற்று காய்கிறதென்று ஈரப்பதமானியை நாளுக்கு முப்பது தடவை எட்டிப்பார்த்து, துணி பட்டால் இலையின் மினுமினுப்பு போய்விடுமென்று ஓவியத் தூரிகையால் தூசு தட்டுவார். தன் கோட்டில் படிந்த தூசியை அவர் தட்டி யாரும் பார்த்ததில்லை.

இஞ்சியோன் நகரில் எங்கள் எதிர்வீட்டு யோம் கியூதே இந்த ரகம். லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் எங்கள் அடுக்ககத்தில் தரைக்கடியில் வெந்நீர் ஓடும். பாதம் சுகமாக இருக்கும், தொண்டை காய்ந்துவிடும். அதனால் வீட்டுக்கொரு ஈரக்காற்றுக் கருவி. யோம் வீட்டிலும் ஒன்றுதான். அது செடி இருக்கும் அறையில்.

மனைவி போக்சுன் ஒரு வாரமாக இருமினார்.

"என்னங்க, அந்த மிஷினை ஒருநாள் நம்ம ரூமுக்குத்தான் கொண்டாங்களேன்."

"புது இலை விரியற நேரம்டி. இப்போ காத்து காஞ்சா கிழிஞ்சிடும்."

"என் தொண்டை கிழிஞ்சா?"

"நீ வெந்நி குடிக்கலாம். அது குடிக்குமா?"

அந்தச் சனிக்கிழமை தூரத்துப் பூசான் நகரில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இருமலோடு போக்சுன் வர முடியாதென்று யோம் தனியாகப் போனார். விருந்தில் உட்கார்ந்தவர், மாட்டெலும்புச் சூப்பை ஒரு கரண்டி குடித்ததும் போனை எடுத்தார்.

"சூடு எவ்வளவு இருக்கு?"

போக்சுனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. முப்பது வருஷத்தில் இந்த மனுஷர் இப்படி விசாரித்ததே இல்லை. "முப்பத்தெட்டரைங்க," என்றார்.

"ஐயையோ! வெந்துடுமே! உடனே அறைக் கதவைத் திற!"



"எனக்குக் காய்ச்சல்ங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார் போக்சுன்.

யோம் திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. ம்ஹூம். பக்கத்தில் அண்ணன், "என்னடா, முகம் வெளுத்துப்போச்சு?" என்றதற்கு, "நான் ஒரு முட்டாள் அண்ணே," என்று எழுந்தவர், மாலை ரயிலைப் பிடித்து, கீழ்க்கடையில் மட்டிச் சிப்பிக் கஞ்சி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

போக்சுன் செடி அறையில் மெத்தையை விரித்து, ஈரக்காற்றுக் கருவியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். சுருளாக இருந்த இலை தலைமாட்டில் முழுதாக விரிந்திருந்தது. ஆறு வாரமாகக் காத்திருந்தவர் அது விரிவதைப் பார்க்கவில்லை, காய்ச்சல்காரி பார்த்துவிட்டார்.

யோம் மண்டியிட்டு அவர் நெற்றியில் கை வைத்தார். கை அங்கே இருந்தது. கண் கொஞ்சம் மேலே போனது. பொய் சொல்வானேன்?

"இலையைப் பாத்துட்டே வாங்க. கஞ்சி ஆறாது," என்றார் போக்சுன்.

"அதுக்கென்ன அவசரம்? நீ வாயைத் திற."

கஞ்சி முழுவதையும் ஊட்டினார். மறுநாள் காலையிலேயே கடைக்குப் போய் இன்னொரு கருவி வாங்கி வந்தார். இரண்டில் எது பெரியது, அது எந்த அறைக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. போக்சுன் இருமுவதில்லை, அது போதும்.

சிரிக்கிறீர்கள். உங்களிடம் செடியே இல்லை, தெரியும். ஆனால் நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உள்ளேயிருந்து யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. காதில் விழுந்ததா?