நீல அரிசிப் பள்ளிக்கூடம்

திருவொற்றியூர்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மருமகன் ஜுபைர் அவர்களுக்கு மாமா அத்தாவுல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு அல்லாஹ்வின் கிருபையால் அனைவரும் நலம். சவூதியில், தம்மாமில் தங்கள் நலத்துக்கும் வேலைக்கும் துஆ செய்கிறேன். வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு, அங்கே வரும் ஆள் கையில் கடிதம் கொடுத்தனுப்பக் காரணம் உண்டு. தங்கள் மனைவியாகிய என் மகள் சபீஹா என் போனை எடுத்துப் பார்க்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

விஷயம், உங்கள் மகள் அனம் போகும் மழலையர் பள்ளி. முதல் வாரமே பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து அரிசி கொட்டியது. நீல அரிசி. ஹார்பரில் மூட்டையைக் குத்திப் பார்த்தே சரக்கு சொன்னவன் நான், நீலத்தில் அரிசி இறங்கி நான் பார்த்ததில்லை. எங்கோ கலப்படம் நடக்கிறது என்று முடிவு செய்தேன். மறுநாள் இரண்டு கையும் கரி. மாப்பிள்ளை, இந்தத் தெருவில் துணி காயப்போட்டால் ஹார்பர் கரித்தூள், தரையைத் துடைத்தால் கரித்தூள், ஆயுசு முழுக்க அதைத் துடைத்தே நம் இடுப்பு போனது. அந்தக் கரியைப் பிள்ளை கையில் கொடுத்துக் காகிதத்தில் தேய்க்கச் சொல்கிறார்களாம், அதற்குப் பெயர் படிப்பாம். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, நன்னாவிடம் சொல்லு என்று விசாரித்தேன். "டீச்சர் கண்ணைக் கட்டும், நன்னா. டப்பாவுல கைய வுடச் சொல்லும். கொழகொழன்னு கீதான்னு கேக்கும்" என்றது. நல்ல காரியத்துக்கு எதற்குக் கண்ணைக் கட்ட வேண்டும், நீங்களே சொல்லுங்கள்!

டீச்சர் மெஹ்னாஸிடம் நேரில் போய்க் கேட்டேன். "அரிசிக்கு நாந்தான் கலர் போட்டேன் பாய். தொட்டு, மோந்து, அப்புறம் வரையும். அப்பத்தான் புள்ளைங்களுக்கு மூளை தொறக்கும்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மூளை திறந்ததோ இல்லையோ, வீட்டில் தயிர்ச்சட்டி திறந்தது. உங்கள் சின்னம்மா எம்.கே.பி. நகரிலிருந்து வந்திருந்த அன்று, அனம் தயிரில் காலை நனைத்து ஹால் முழுக்கப் பாதம் பதித்து, கடைசிப் பாதத்தை அவங்க பட்டுப்புடவையில் வைத்தது. சின்னம்மா இன்னும் பேசவில்லை.

சரி, உளவு பார்த்துவிடுவோம் என்று நேற்று போய்ப் பள்ளி ஜன்னலோரம் நின்றேன். உள்ளே தட்டு தட்டாக என்னமோ பொடி, பிள்ளைங்க அதுமேல எதையோ சொட்டுச் சொட்டா ஊத்துதுங்க, புஸ்ஸுன்னு நீலமும் சிவப்புமா நுரை பொங்குது, கூடவே மூக்கைப் பிடுங்குற புளிச்ச நாத்தம். முன்னே ஒருக்கா எர்ணாவூர் பக்கத்து ஃபாக்டரியில கேஸ் கசிஞ்சு நாமெல்லாம் எப்படி ஓடினோம்னு உங்களுக்கே தெரியும். பைப்புல துண்டை நனைச்சு மூஞ்சில கட்டிகினு "கேஸு! கேஸு! ஓடுங்கோ!"ன்னு கத்தினேன். சலூன்ல பாதி மீசையோட இருந்தவரு ஓடினாரு, பிரியாணிக் கடைக்காரரு தம் போட்ட தேக்ஸா அண்டாவோட ஓடினாரு, தெருவே காலி. அனமும் பத்திரமாகத் தெருமுனைக்கு வந்து சேர்ந்தது, யாரால் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா. தீயணைப்பு வண்டி வந்து, ஒருத்தர் தட்டில் விரலை விட்டு முகர்ந்து, "வினிகரும் ஆப்ப சோடாவும், இன்னா பெரிசு?" என்றார். இப்போது பாதித் தெரு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, மீதித் தெரு அந்தப் பள்ளியை மூடச் சொல்கிறது. நான் மீதித் தெரு பக்கம். ஆகவே, அனமைப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொல்லி சபீஹாவிடம் நீங்கள் உடனே கண்டிப்பாகப் பேசவும். நான் சொல்லி அவள் கேட்பதாக இல்லை.

தங்களுக்கு நீண்ட ஆயுளையும் பரக்கத்தையும் இறைவன் தருவானாக. அறைத் தோழர்களுக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
மாமா அத்தாவுல்லா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன், மிச்சமிருந்த ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளலாம் என்று டீச்சரிடம் போனேன். "வினிகரைக் கலந்தவளே நீதானே. கேஸ் இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் செருப்புகூட இல்லாம ஓடினே?" என்று கேட்டேன். "இன்னா பாய் இப்டி கேக்குறீங்க? நான் எர்ணாவூர்ல பொறந்தவ. கேஸுன்னு ஒருத்தர் கத்துனா நின்னு யோசிக்க முடியுமா? நம்ம வினிகர்தானேன்னு நான் நின்னுகினு, அது நெஜ கேஸாப் பூட்டா இந்தப் புள்ளைங்க கதி?" என்றாள். மாப்பிள்ளை, மற்ற பிள்ளைங்க அவ சுடிதாரைப் பிடிச்சுகினு ஓடிவர, அவ இடுப்புல ஒரு பிள்ளை இருந்துச்சே, அதுதான் நம்ம அனம். நான் தெருமுனைக்குப் போய், துண்டை அவுத்து மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தப்போதான், என் கையில ஈரத் துண்டு மட்டும் இருந்தது தெரிஞ்சுது. பிள்ளையை அங்கேயிருந்து நிறுத்த வேண்டாம். பள்ளியை மூடணும்னு பேசுறவங்ககிட்ட நானே போய்ப் பேசிக்கிறேன்.