இவ்வூரில் காற்று வீசுவதில்லை

இரும்புக் கம்பத்தை நட்டுவிட்டுப் போன உத்தியோகத்தர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "இங்க கச்சான் காத்து எந்த மாசம் பலமா அடிக்கும்?" அந்தக் கேள்வியைத்தான் ஸைனுலாப்தீன் பிடித்துக்கொண்டார்.

கம்பம் நின்றது இறக்கக்கண்டிக் கடற்கரையில், கரைவலை இழுக்கிற 'பாடு' என்கிற மணல்வெளியின் நட்டநடுவில். இரண்டு ஆள் உயரம். உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுழன்றுகொண்டிருந்தன. அடியில் ஒரு பூட்டிய பெட்டி. அதற்குள் ஒரு பேனை காற்றின் வேகத்தைத் தன்பாட்டில் தாளில் கோடாகக் கீறியது. எண்பத்தோராம் ஆண்டு ஜூன் மாதம். கச்சான் மணலை வாரி வாரிச் சனத்தின் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது.

ஸைனுலாப்தீன் ஊர் மீனவர் சங்கத்தின் செயலாளர். பத்திரிகையை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் பெயர்வரை விடாமல் வாசிக்கிற ஒரே மனிதர் அந்த ஊரில் அவர்தான். அதனால் ஒழுங்காக நித்திரை கொள்ளாத ஒரே மனிதரும் அவர்தான். அமெரிக்காவில் ஓர் அணு உலை பழுதாகிச் சனம் வீடுவாசலை விட்டு ஓடியதை அவர் வாசித்திருந்தார். அப்படி ஒன்றை இந்தப் பக்கத்துக் கரையில் கட்டலாமா என்று ஒரு குழு இடம் தேடுகிறதாம் என்பதையும் போன மாதம்தான் வாசித்திருந்தார்.

"ஐயா, இது என்னத்துக்கு?" என்று உத்தியோகத்தரிடமே கேட்டுப் பார்த்தார். அவர் பெயர் கனகரத்தினம். பட்டினத்திலிருந்து ஜீப்பில் வந்த எஞ்சினியர்.

"மின்சாரம் எடுக்கிற ஆராய்ச்சி. மேலிடம் சொல்லாமல் அதுக்கு மேல நான் கதைக்க ஏலாது."

மின்சாரம், ரகசியம், காற்று. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் வருகிற விடை ஸைனுலாப்தீனுக்கு ஒன்றே ஒன்றாகத்தான் தெரிந்தது.

அன்று பின்னேரம் வலை வைக்கிற வாடிக்குள் கூட்டம் கூடியது. கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி பக்கீர் முதல் ஆளாக எழும்பினார். "பிடுங்கிக் கடல்ல எறிவம். என்ன பெரிய கதை?"

"பிடுங்கினா பொலிஸ் வரும். கம்பம் திரும்பவும் வரும்," என்றார் ஸைனுலாப்தீன். "யோசிச்சுப் பாருங்க. அவங்க ஏன் காத்தைக் கேக்கிறாங்க? உலையில குழாய் இரிக்கி. குழாயில நஞ்சுப் புகை வரும். அதைத் தள்ளிக்கொண்டு போக அவங்களுக்குக் காத்து வேணும். காத்தில்லாட்டிப் புகை இங்கயே தங்கும். அவங்கட ஆக்களே சாவாங்க. காத்தில்லாத இடத்தில கட்டவே மாட்டாங்க."

"எங்கட ஆக்கள் செத்தா?" என்று பக்கீர் கேட்டார்.

"அதை அவங்க யோசிக்க மாட்டாங்க."

நாற்பது குடும்பம் அந்தக் கரைவலைப் பாட்டை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறது. கரை போனால் கடல் இருந்தும் பிரயோசனமில்லை. கடைசியில் ஊர் முழுவதும் ஒரே வாயாகச் சொல்வதென்று முடிவாயிற்று: இறக்கக்கண்டியில் காற்று இல்லை. அதைப் பெட்டிசமாக எழுதி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்தும் பெருவிரலும் வைத்தார்கள். கையெழுத்து வாங்கும்போது தாள் இரண்டு முறை கடலுக்குப் பறந்தது. நீந்திப் போய்த்தான் பிடித்தார்கள்.

அதைத் தட்டச்சு செய்விக்க ஸைனுலாப்தீன் பட்டினத்துக்கு பஸ் ஏறினார். மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கு எதிரே மரநிழலில் கதிரை போட்டிருக்கிற சிவகுருநாதன், பென்சன் எடுத்த கிளாக்கர். பெட்டிசம் எழுதுவதில் அவருக்கு மிஞ்சின ஆள் அந்த மாவட்டத்தில் இல்லை. கையெழுத்துப் பிரதியை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் வாசித்தவர், தட்டுவதை நிறுத்தினார்.

"தம்பி, மூண்டாம் பந்தியில இவ்வூரில் காற்று வீசுவதில்லை எண்டு எழுதியிருக்கிறீங்க. கடைசிப் பந்தியில அணு வேண்டாம், காத்தாடி வைச்சு மின்சாரம் தாங்கோ எண்டு கேக்கிறீங்க. காத்தில்லாத ஊரில காத்தாடியை ஆர் சுத்திறது? செயலாளர் நிண்டு ஊதுவாரோ?"

அந்தக் கடைசிப் பந்தி ஸைனுலாப்தீனின் இரண்டு வருடக் கனவு. ஏதோ ஒரு குளிர்தேசத்தில் காற்றாடி வைத்து மின்சாரம் எடுக்கிற படத்தைப் பத்திரிகையில் வெட்டி, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். மின்சாரம் வந்தால் ஒரு ஐஸ் அறை போடலாம். மீன் குவிகிற நாளில் லொறி பிந்தினால், பட்ட பாடெல்லாம் மணலுக்குள்தான் போகும். போன வருடம் ஒரு தோணி நிறையச் சூடை மீனைத் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தவர் அவர்.

"ரெண்டையும் எப்பிடியாவது சேத்துப் போட ஏலாதா?"

"ரெண்டில ஒண்டுதான் நிக்கும். எது எண்டு நீங்க சொல்லுங்கோ."

ஸைனுலாப்தீன் பேனையை வாங்கிக் கடைசிப் பந்தியைத் தானே குறுக்கே வெட்டினார். முதலில் கரை தப்பட்டும், வெளிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் திரும்பி வருகிற வழி முழுக்க, பிள்ளையை ஆரிடமோ கொடுத்துவிட்டு வருகிறவர் மாதிரி பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த கிழமை கனகரத்தினம் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கியதும் தொப்பி பறந்தது. சாரதி தவராசா அதைத் துரத்திக்கொண்டு ஓடினார். கப்பல்துறை ஊர்க்காரர், சாதுவான மனிதர்.

"என்ன பெரியவர், இங்க காத்து எப்பிடி?" என்று கனகரத்தினம் பக்கீரைக் கேட்டார்.

பக்கீர் ஒரு கையால் சாரனையும் மற்றக் கையால் தாடியையும் பிடித்துக்கொண்டு நின்றார். "காத்தோ? அப்பிடி ஒண்டும் இங்க இல்லை சேர்."

"இப்ப அடிக்கிறது?"

"இது கடல் மூச்சு விடுறது."

பின்னால் நின்ற ஒருவர் வாய்க்குள் போன மணலைத் துப்பிவிட்டு, "வாப்பாட காலத்திலயும் இல்லை," என்று சாட்சி சொன்னார்.

கனகரத்தினம் சிரித்தார். "பரவாயில்லை. நீங்கள் சொல்லாட்டியும் கருவி சொல்லும்."

சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கருவியை மறந்துபோனார்களே.

மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு பக்கீர் கம்பத்தில் ஏறி, மூன்று கிண்ணத்தையும் வலை நூலால் இறுக்கிக் கட்டினார். கரைவலைக்காரன் முடிச்சு; பல்லால் கடித்தாலும் அவிழாது. அன்று தொடக்கம் பெட்டிக்குள் பேனை அடிமட்டம் வைத்துக் கீறினதுபோல நேர்கோடு போட்டது. கனகரத்தினம் சொல்லி வைத்து வருகிற நாள் காலையில் அவிழ்ப்பதும், அவர் போனதும் கட்டுவதும் பக்கீரின் வேலையாயிற்று.

கனகரத்தினம் மறுபடி வந்தபோது அவருடைய கழுத்துப்பட்டி நேரே வானத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அவர் தாளைப் பார்த்தார். நேர்கோடு. கச்சேரியிலிருந்து வந்த பெட்டிசப் பிரதியைப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர் முப்பது வருட அரசாங்க உத்தியோகத்தர். தன் தலைமயிரை நம்பவா, தாளை நம்பவா என்று வந்தால் தாளைத்தான் நம்புவார். 'இன்று மட்டும் விதிவிலக்காகக் காற்று' என்று குறிப்பு எழுதினார். ஊர் மூச்சு விட்டது. அப்போதுதான் அவர் திரும்பினார்.

"எதுக்கும் ரெண்டு கிழமைக்குத் தவராசா இங்க கூடாரம் போட்டுத் தங்கட்டும். காலையும் மாலையும் கம்பத்தில ஏறி எண்ணெய் விட்டுப் பாக்கட்டும்."

அன்றோடு ஊரின் நிம்மதி போயிற்று. நூல் கட்ட ஏலாது. அதனால் கம்பத்தைச் சுற்றிப் பனங்குற்றி நட்டுத் தென்னோலைக் கிடுகால் உயரமாக மறைப்புக் கட்டினார்கள். "மீன் காயப்போடுற பந்தல்," என்று தவராசாவிடம் சொன்னார் ஸைனுலாப்தீன்.

"பந்தலுக்கு மேல்கூரை இல்லையே?"

"வெயில் விழத்தானே வேணும்."

தவராசா நியாயம்தான் என்று தலையாட்டினார். ஆனால் பார்க்கிற கண் ஒன்று கரையில் இருக்கும்போது வேறு கஷ்டங்கள் வந்தன. காற்றில்லாத ஊரில் தோணிக்குப் பாய் விரிக்க முடியாது. நல்ல கச்சான் முதுகில் தள்ளித் தள்ளிக் கூப்பிட, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஆழ்கடல்வரை துடுப்பு வலித்துப் போனார்கள். பாதி வழியிலேயே கை சோர்ந்து திரும்பினார்கள். நாலாம் நாள் பக்கீரின் தோள் பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. மீன் குறைந்தது. சில வீடுகளில் ஒரு நேரம்தான் உலை ஏறியது.

கொடியில் உடுப்புப் போடக் கூடாதென்றும் சங்கம் தீர்மானித்தது. ஸைனுலாப்தீனின் மனைவி றஹ்மா ஈர உடுப்பைக் குசினிக்குள் பரப்பிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காத்தில்லாத ஊராம். ஆனா எண்ட மனிசன் மட்டும் காலையில இருந்து பறந்து திரியிறார்."

"கொஞ்சம் பொறு புள்ள. கரையைக் காப்பாத்த வேணாமா?"

"கரையில ஆக்கள் மிஞ்சினாத்தானே கரை," என்றாள் அவள்.

ஒன்பதாம் நாள் கச்சான் ஒரேயடியாக எழும்பியது. பந்தல் மறைப்பு குற்றியோடு கிளம்பிக் கரை நெடுகப் பறந்து வந்து, ஊரில் வேறு வீடே இல்லாததுபோல ஸைனுலாப்தீனின் குசினிக் கூரையில் இறங்கியது. இறங்கின வேகத்தில் கூரையையும் கூட்டிக்கொண்டு தென்னந்தோப்புக்குள் போயிற்று. றஹ்மா ஆணம் துழாவிய அகப்பையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தவராசா ஓடி வந்தார். "ஐயோ, கூரைக்கு என்ன நடந்தது?"

"கறையான்," என்றார் ஸைனுலாப்தீன்.

"முழுக்கவோ?"

"ஓம். இந்தப் பக்கத்துக் கறையான் அப்பிடி."

தவராசா மெதுவாகப் போய்த் தென்னந்தோப்பிலிருந்து கிடுகுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கூரை வேயக் கை கொடுத்தார். அந்த நல்ல குணத்தைப் பார்க்க ஸைனுலாப்தீனுக்கு அழுகை வந்தது. இப்படிப்பட்ட மனிதருக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று மனம் குமைந்தது. என்றாலும் அன்றிரவே மறைப்பைத் திரும்பக் கட்டினார்கள்; தவராசாவின் இரண்டு கிழமை முடிந்ததும் பக்கீர் மறுபடி நூலைக் கட்டினார்.

ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை ஜீப் வந்தது. தவராசா மட்டும் வந்திருந்தார். இறங்கி நேரே கம்பத்திடம் போய் ஆணிகளைக் கழற்றத் தொடங்கினார்.

"என்ன, கம்பத்தைக் கழட்டுறீங்க?" ஸைனுலாப்தீன் ஓடி வந்தார்.

"ஓம். றிப்போட் குடுத்தாச்சு. இந்த இடம் சரிவராதாம்."

செய்தி கரை முழுக்கப் பரவியது. பக்கீர் வீங்கின தோளோடு ஓடிப் போய்ப் பாயை அவிழ்த்து விரித்தார். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு பாய் விரிந்தது. றஹ்மா இத்தனை நாள் சேர்ந்த உடுப்பையும் கொடியில் போட்டாள். தவராசாவை வாடிக்குள் கதிரையில் இருத்தி, பிளேன்ரீ ஊற்றி, பெரிய பாரை மீன் ஒன்றை ஓலையில் சுற்றி ஜீப்பில் வைத்தார்கள்.

"இனிச் சொல்லலாம்தானே," என்றார் ஸைனுலாப்தீன், சந்தோசம் தாங்காமல். "எத்தினை பெரிய உலை கட்ட இருந்தாங்க?"

"உலையோ?" தவராசா கோப்பையைக் கீழே வைத்தார். "காத்தாடி எல்லோ. வெளிநாட்டுக்காரர் சும்மா தாற காத்தாடி ரெண்டு. காத்தில கரண்ட் எடுத்து, கரையில ஒரு ஐஸ் அறையும் ஊருக்கு லைற்றும் போட இருந்தவை. கனகரத்தினம் ஐயாவுக்கு இந்த இடத்தில நல்ல விருப்பம். இனித் தென்பக்கத்துக்குப் போகுதாம்."

வாடிக்கு வெளியே பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"உங்களுக்குத் தெரியாதா இங்க காத்தடிக்கிறது?" பக்கீரால் அடக்க முடியவில்லை. "ரெண்டு கிழமை இங்கதானே படுத்துக் கிடந்தீங்க?"

"எனக்கெண்டா அடிச்ச மாதிரித்தான் இருந்தது," என்றார் தவராசா தயங்கித் தயங்கி. "ஆனா முந்நூறு பேர் கையெழுத்து வைச்ச விசயம். நான் ஒரு சாரதி. நான் எப்பிடி இல்லை எண்டுறது?"

ஸைனுலாப்தீன் மணலில் குந்திவிட்டார். தன் கையால் வெட்டின அந்தப் பந்தி கண்ணுக்கு முன்னால் நின்றது. அவர் கேட்க நினைத்ததையே வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவரே கதவைச் சாத்தி, முந்நூறு பேரைக் கூட்டி அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசியில் சாரனில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"சரி. போனது போகட்டும். ஐஸும் வேணாம், லைற்றும் வேணாம். எங்கட கரையாவது மிஞ்சிச்சே. அது போதும்."

தவராசா ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினார். தலையில் நிற்காத தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, மீன் தந்த நன்றியில் வெளியே எட்டிப் பார்த்தார்.

"அதுக்கும் கவலைப்படாதேங்கோ, கரை சும்மா கிடக்காது, ஐயாவின்ர றிப்போட்டை அணு மின்சாரக் குழு கேட்டு வாங்கிட்டுது, நாளைக்கு அளக்க வருவினம், நஞ்சு கசிஞ்சாலும் பட்டினத்துக்கு வராமல் அந்தந்த இடத்திலயே கிடக்கிற மாதிரிக் காத்தே வீசாத ஊர் ஒண்டைத்தான் ஒரு வருசமாத் தேடித் திரிஞ்சவையாம்."