முதலுதவிப் பெட்டிச் சாவியைக் கேட்கிறார்கள்

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் சுகம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லாரும் ஒரு தலைவலிகூட இல்லாமல் இருக்க வேண்டும். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம் என்றால் "ட்யூட்டியில இருக்கேன் சித்தப்பா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

நீ மேற்பார்வை அதிகாரியாக இருக்கும் ஆம்புலன்ஸ் ஆபீசில் போன் எடுக்கிற ஒரு பெண்ணின் மேல் நீ உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். எடுத்த கையோடு, 'முதலுதவியில் எங்கள் சித்தப்பாவை மிஞ்ச ஆளில்லை' என்று ஆபீஸ் முத்திரை குத்தி எங்கள் மேனேஜருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். இன்னும் பத்து நாளில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்னை விசாரிக்கப் போகிறார்களாம். என்னை! விசாரித்துவிட்டு முதலுதவிப் பெட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்களாம்.

நான் மரச்சாமான் பட்டறையில் ஸ்டோர் கீப்பர் என்பது உனக்குத் தெரியும். ஆணி, பசை, உப்புத்தாள் எல்லாம் என் பொறுப்பு. ஆனால் முதலுதவிப் பெட்டிச் சாவி வைத்திருப்பவனுக்குத்தான் கையில் கட்டிக்கொள்ளச் சிவப்புப் பட்டை. அதைக் கட்டிக்கொண்டு நான் நடந்தால் மிஷின்களே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். பதினோரு வருடமாக அந்தப் பெட்டியில் ஒரு துணுக்குப் பஞ்சு குறைந்ததில்லை. விரல் நசுங்கி எத்தனையோ பேர் வந்தார்கள், "போய்க் குழாயில காட்டு, சரியாப் போயிடும்" என்று அனுப்பிவைத்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி மூன்று முறை எண்ணிவிட்டு, "இப்படி ஒரு பெட்டியை என் வாழ்நாள்ல பார்த்ததில்லை" என்று கண் கலங்கினார். அந்தப் பட்டை போய்விட்டால் நான் வெறும் ஆணி எண்ணுகிறவன், மகளே. இதை யாரிடமும் படித்துக் காட்டாதே.

இனி நடந்ததைக் கேள். இரண்டு வாரத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி. தலைமைத் தச்சர் கதவுச் சட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார். எதை அளந்தாலும் அரை அங்குலம் கூட்டித்தான் வெட்டுவார் என்பதால் அவருக்கு 'அரை அங்குலம்' என்றே பெயர். உளி வழுக்கி, இடது மணிக்கட்டுக்கு மேலே இறங்கிவிட்டது. ரத்தம் என்றால் அப்படி ஒரு ரத்தம், கூரையில் போய் அடித்தது. எங்கள் கூரை நாற்பது அடி உயரம். பதினான்கு பேர் வேலை செய்கிற பட்டறையில் அன்றைக்கு ஐம்பது பேர் சுற்றி நின்று "ஐயோ ஐயோ" என்றார்கள். நான் பதறவில்லை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சீட்டுப் புத்தகம், இரண்டே எட்டில் போய்விட்டேன். பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் சீட்டில் வாங்குபவர் கையெழுத்து வேண்டும். நான் போட்ட சட்டம், நானே மீறலாமா?

"அண்ணே, ஒரு கையெழுத்து."

"என்னய்யா கையெழுத்து? இங்க உசுரு போயிட்டிருக்கு!"

"வெட்டு இடது கையிலதானே? வலது கை சும்மாதானே இருக்கு?"

அவர் கையெழுத்துப் போட்டார் என்பதை நீ கவனிக்க வேண்டும். கோணல்மாணலாக இருந்தாலும் போட்டார். ஒழுங்கு தெரிந்த மனிதர். ஆனால் பாலிஷ்காரர் இருக்கிறாரே, அவர் என் இடுப்பிலிருந்து சாவியைப் பறித்துப் பெட்டியைத் திறந்துவிட்டார். பஞ்சு மஞ்சளாகிக் கட்டிதட்டிப் போயிருந்தது. களிம்பை அமுக்கினால் காற்றுதான் வந்தது. கத்தரிக்கோல் துருவேறி வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்து, "இதையெல்லாம் கடைசியா எப்பய்யா மாத்துன?" என்கிறார். மாற்றுவதா? மாற்றினால் எண்ணிக்கை என்னத்துக்கு ஆகும்? இவ்வளவு படித்தவருக்கு இதுகூடத் தெரிய வேண்டாமா?

பாலிஷ்காரர் "மரத்தூளை அள்ளி அப்புங்க, நின்னுடும்" என்றார். நான் "பெயிண்ட் தின்னர் ஊத்தி, சணல் கயித்தால இறுக்கிக் கட்டுவோம்" என்றேன். எது உயர்ந்த முறை என்று நாங்கள் பேசி முடிவெடுப்பதற்குள் மேனேஜர் தன் போனில் உன் ஆபீசைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டார். அங்கேதான் அந்தப் பெண் வந்தாள்.

"ஆம்புலன்ஸ். எந்த இடத்திலேருந்து பேசுறீங்க?"

"அம்மா, நான் இங்க இருபத்தாறு வருஷமா ஸ்டோர் கீப்பர்..."

"சார், இடம்."

"முதலுதவிப் பெட்டிச் சாவி என்கிட்டதான்..."

"சார்! இடம்!"

சொன்னேன். இரண்டு வார்த்தை முன்னுரை சொல்லக்கூடாதா? அதற்குள் அடுத்த கேள்வி.

"அடிபட்டவர் நினைவோட இருக்காரா? பேசுறாரா?"

"பேசுறாராவா? என்னைத் திட்டிக்கிட்டே இருக்காரு."

"நல்லது. திட்டட்டும். காயத்துல ஏதாவது குத்திக்கிட்டு நிக்குதா?"

"இல்ல. உளியை அவரே தூக்கி வீசிட்டாரு. என் மேல."

"அப்போ சுத்தமான துணியைக் காயத்து மேல வெச்சு உள்ளங்கையால நல்லா அழுத்துங்க. அவர் கையை நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடிங்க. நீங்க அங்க பேசிக்கிட்டது காதுல விழுந்துச்சு. தூள், தின்னர், கயிறு, ஒண்ணும் வேணாம்."

மரப்பட்டறையில் சுத்தமான துணிக்கு எங்கே போவது? உன் சித்தி அன்று காலைதான் இஸ்திரி போட்டுக் கொடுத்த என் வெள்ளைச் சட்டை ஒன்றுதான் இருந்தது. ஆக, நூறு பேர் பார்க்க, இரண்டு ஓட்டை உள்ள பனியனோடு நின்றேன். நின்று அழுத்தினேன். ரத்தம் நின்றுவிட்டதா என்று லேசாக எடுத்துப் பார்த்தேன்.

"எடுத்தீங்களா?" என்கிறாள் போனில்! அவளுக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் பட்டறையில் ஏதாவது கேமரா வைத்திருக்கிறீர்களா?

"எடுத்துப் பாக்காதீங்க சார். துணி நனைஞ்சா அதுக்கு மேலயே இன்னொண்ணு வெச்சு அழுத்துங்க. வண்டி வர்ற வரைக்கும் கை எடுக்கக் கூடாது."

"மூக்கு அரிக்குதும்மா."

"அரிக்கட்டும்."

இது ஒரு பேச்சா? உன் ஆபீசில் இதற்குத்தான் ஆள் வைத்திருக்கிறீர்களா?

அந்த நேரம் பார்த்துப் பாலிஷ்காரர் ரத்தத்தைப் பார்த்துத் தொப்பென்று விழுந்தார். மரத்தூளுக்கு வீரம் பேசியவர்! "தண்ணி கொண்டாங்க, வாயில ஊத்துங்க" என்று நான் கத்த, அவள் அதற்கு மேல் கத்தினாள்.

"வாயில எதையும் ஊத்தாதீங்க! மூச்சு விடுறாரா?"

"விடுறாரு, விடுறாரு."

"மல்லாக்கப் படுக்க வெச்சு, காலை மட்டும் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லுங்க. கூட்டம் விலகட்டும். நீங்க கையை எடுக்காதீங்க!"

காலுக்கடியில் இரண்டு வார்னிஷ் டப்பாவை வைத்தார்கள். ஒரு நிமிடத்தில் கண் விழித்து, "என் டப்பாவைத் தொட்டது யாரு?" என்றார் மனிதர்.

அத்தோடு விட்டாளா? "வண்டிக்கு வழி காட்ட ஒருத்தர் தெருவுல போய் நிக்கணும். அங்க சும்மா நிக்கிறது யாரு?" என்று கேட்டாள். சுற்றிப் பார்த்தேன். கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டாமா? "மேனேஜர்தான்" என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது எனக்கு நினைவில்லை. மேனேஜர் போனார். நடுத்தெருவில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நின்றாராம். ஒரு பஸ் அவருக்காக நின்று, நடத்துனர் "ஏறுங்க சார், சீக்கிரம்" என்று அவரை உள்ளேயே இழுத்துவிட்டாராம். அந்தக் கோபம்தான் இப்போது விசாரணையாக என் மேல் இறங்கியிருக்கிறது. ஆம்புலன்ஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. பன்னிரண்டு நிமிடம்தான் என்கிறார்கள். அழுத்திக்கொண்டு நின்றது நானா அவர்களா?

'பெட்டி பழுது. சீட்டுக் கேட்டுத் தாமதம்' என்று மேனேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் குறுக்கே வராமல் இருந்திருந்தால் நான் தின்னரும் கயிறுமாக ஒரு நொடியில் காரியத்தை முடித்து, இன்று கழுத்தில் மாலையும் மரியாதையுமாக இருந்திருப்பேன். அவளால் மூக்கைக்கூடச் சொறியாமல் மரம் மாதிரி நின்றதுதான் மிச்சம். ஆகவே நடவடிக்கை கடுமையாக இருக்கட்டும்.

என் அண்ணனைப் பார்த்தால் நான் கோபமாக இருப்பதாகச் சொல். அண்ணி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். உன் பிள்ளைகள் பெரிய படிப்புப் படித்து, யார் போனையும் எடுக்க வேண்டாத வேலையில் உட்கார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அரை அங்குலம் வீட்டுக்கு வந்துவிட்டார், கழுத்தில் மாட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. சண்டைக்குத்தான் வருகிறார் என்று சித்தியை முன்னால் நிறுத்தினேன். அவரோ, "டாக்டர் கேட்டாருய்யா, விடாம அழுத்திப் பிடிச்சது யாருன்னு. விட்டிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டானாம். உன்னைத்தான் சொன்னேன், வேற என்ன பண்றது" என்றார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். சுண்டுவிரல் கொஞ்சம் யோசித்தது, பிறகு அதுவும் மடங்கியது. மேனேஜரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விசாரணை ரத்து. பெட்டிக்கு எல்லாம் புதிதாக வாங்கி, பூட்டே இல்லாமல் சுவரில் மாட்டப் போகிறார்களாம். சாவி தேவையில்லை, பட்டை என்னிடமே இருக்கலாம். அதற்குப் பதில் அதே திங்கட்கிழமை பத்து மணிக்குப் பட்டறை முழுவதற்கும் நான் முதலுதவி வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

ஆகவே மேலே உள்ளதைக் கிழித்துவிடு. அந்தப் பெண்ணின் மேல் கை வைக்காதே. அவளைக் கண்டுபிடித்து, அன்று என்னிடம் சொன்னதை எல்லாம் வரிசையாக எழுதி வாங்கி உடனே அனுப்பு. 'கையை எடுக்காதீங்க' என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஐந்து விரலும் மடங்குகிறது என்று அவளிடம் சொல். வண்டி வந்ததும் போனை வைத்துவிடுகிறவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று யார் போய்ச் சொல்லப் போகிறார்கள்? என் பெயரையும் சொல்லிவை. அன்றைக்கு அவசரத்தில் கேட்க மறந்துவிட்டாள், பாவம்.