லயம் என்ற சொல்லும் மூன்றரை மணி பஸ்ஸும்

இருபத்து நான்கு வயதில் எனக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது ஒரு சொல்லை உச்சரித்தால் போதும், அது எந்தப் பாஷையிலிருந்து வந்தது, எங்கே என்ன அர்த்தம் என்று விளக்காமல் விடமாட்டேன். அப்போது நான் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார். பிள்ளைகளுக்குத் தப்பிக்க வழியில்லை. (பெரியவர்கள் என்னைக் கண்டால் தேயிலைக்குள் இறங்கிவிடுவார்கள்.)

அறுபதுகளின் தொடக்கத்தில், மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றில் எனக்குப் பெண் பார்க்க அப்பா, மாமா, நான் மூவரும் கிளம்பினோம். அம்மா ஒன்றைத்தான் சொன்னார்: "தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துருங்க. கை மட்டும் நனைச்சுறாதீங்க. இன்னும் ரெண்டு எடம் பார்க்கணும்." பெண் வீட்டுச் சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. ஆகவே மூன்றரை மணிக் கடைசி பஸ்ஸில் ஹட்டனுக்குத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

சிவகாமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த இரண்டு இடங்களும் வேண்டாம், இவள்தான் என்று எனக்கு அப்போதே ஆகிவிட்டது. அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

அவளுடைய அப்பா பேச்சுக்காகக் கேட்டார்: "வாத்தியாருக்கு லயத்துலயா வீடு, தனி வீடா?"

லயம்! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாட்டுக்காரருக்கு லயம் தாளத்தின் ஓட்டம். வடமொழியில் ஒன்றில் ஒன்று கரைந்துபோவது. வெள்ளைக்காரன் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டை 'லைன்' என்றான், நாம் அதையும் லயமாக்கினோம். எங்கெங்கோ பிறந்த சொற்கள் ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும் அதிசயத்தை அரை மணி நேரம் விளக்கினேன். மாமா இருமினார். அப்பா என் காலை மிதித்தார்.

"இருங்க, முக்கியமானது இன்னும் வரல," என்றேன். "லாயம்தான் லயமாச்சுன்னும் சில பேர் சொல்றாங்க. அதாவது, குதிரை கட்டுற எடம்."

நாங்கள் உட்கார்ந்திருந்ததே ஒரு லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில்தான். அதே காம்பிராவில் நான்கு பிள்ளைகளை வளர்த்த மனிதரின் முகம் கறுத்துப்போனது.

"அப்ப நாங்க குதிரைங்களா, தம்பி?"

வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் மறைந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. பெண்ணும் போச்சு, பஸ்ஸும் போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. (மீசை வைத்த ஆள் நான்.)

அப்போது அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு. "குதிரைங்களைப் பட்டினி போடலாமாப்பா? உலை வச்சிட்டேன்," என்றாள் சிவகாமி. அவள் அப்பா அடக்கிப் பார்த்தார், முடியாமல் அவரும் சிரித்துவிட்டார்.

சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்பா கூரைத் தகரத்தை ஆராய்ந்தார். சிவகாமி தட்டை என் முன்னால் வைத்து மெதுவாகக் கேட்டாள்: "கை நனைச்சா என்ன அர்த்தம்னு வாத்தியாருக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. சோற்றில் கையை வைத்தேன்.

மறுநாள் அம்மா, "பொண்ணு எப்படி?" என்று கேட்டார். "கொழம்பு நல்லாருந்துச்சுக்கா," என்றார் மாமா. அம்மா ஒரு வாரம் எங்கள் மூவரோடும் பேசவில்லை.

இன்றும் விருந்தாளிகள் முன் நான் ஏதாவதொரு சொல்லின் பூர்வீகத்தை ஆரம்பித்தால், என் மகள் ஒரு தட்டுச் சோற்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிடுவாள். வந்தவர்கள் அதை உபசாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.