மிஸ்ஸியம்மாவுக்கு மக்ரோனி

பொட்டலத்தைப் பிரித்து முறத்தில் கொட்டிய செல்லபாய், அதில் ஒரு குழலை எடுத்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தாள். அந்தப் பக்கம் புருஷன் ஜான்ரோஸின் மீசை தெரிந்தது.

"இதுக்குள்ள ஒண்ணுமே இல்லியே?"

"இருக்காது. இதுதான் மக்ரோனி."

"உள்ள இருந்தத ஆரோ தின்னுட்டு வெறும் ஓட்டை அனுப்பியிருக்கானுவளா?"

ஜான்ரோஸ் நாகர்கோவிலில் சீமைச் சாமான் விற்கும் கடையில் வேலை பார்த்தான். டப்பாக்களின் பெயரெல்லாம் அவனுக்கு மனப்பாடம். உள்ளே இருப்பதை ஒருநாளும் தின்று பார்த்ததில்லை.

"சும்மா தர்க்கம் பண்ணாத. இந்த டப்பாவுல சாசேஜு இருக்கு. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டு வேகவச்சா சோறும் கறியும் ஒண்ணா ஆயிரும். பத்து நிமிசந்தான். கடைக்கு வாற பட்லரு சொன்னான்."

"தண்ணி எவ்வளவு?"

"அத அவன் சொல்லல்ல."

அன்று வியாழக்கிழமை. சாயங்காலம் ஏழு மணிக்கு மிஸ்ஸியம்மா சாப்பிட வருகிறாள். லண்டனிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. மிஷன் நடத்தும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் முழுதும் அவள் கையில். அங்கே ஒரு வாத்திச்சி வேலை காலி. மனுப் போட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஆளை எடுப்பாளாம். செல்லபாய் டிரெயினிங் பாஸாகி நாலு வருஷமாகிறது. இந்த வேலையும் போனால் அந்தச் சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டியதுதான்.

அயிலை மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஜான்ரோஸ்தான் தலையிட்டான். "வெள்ளைக்காரி நம்ம எரிவு தாங்குவாளா? அவளுக்க ஊரு சாப்பாட்டப் போட்டாத்தான் மனசு குளிரும்." சொல்லிவிட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கு இரவல் வாங்கப் போய்விட்டான்.

காய்ந்து கிடக்கிற எதையும் ஊறப்போட்டுத்தான் வேகவைக்க வேண்டும். செல்லபாய் மக்ரோனியை அரிசி மாதிரி மூன்று தண்ணீரில் கழுவி இரண்டு மணி நேரம் ஊறப்போட்டாள். பிறகு உலையில் போட்டுக் கிண்டினாள். கொஞ்ச நேரத்தில் அகப்பை நகரவில்லை. தூக்கினாள், சட்டியும் சேர்ந்து வந்தது.

"எம்மா!" என்றாள்.

கொல்லைச் சுவருக்கு மேலே அடுத்த வீட்டு நாகம்மையின் தலை தெரிந்தது. "என்னட்டி சத்தம்?"

"பசை காய்ச்சிட்டேன் நாகம்மக்கா."

"தண்ணி விட்டுக் கலக்குட்டி."

கலக்கினாள். அது கஞ்சியானது. சரி, சாசேஜைப் போட்டால் கெட்டியாகும் என்று டப்பாவை வெட்டுக்கத்தியால் கொத்தித் திறந்தாள். ஐந்து விரல்கள் வரிசையாய்ப் படுத்திருந்தன. மேலே தோல் வேறு. வாழைப்பழத்துக்கே தோலை உரிக்கிறோம், மிஸ்ஸியம்மாவுக்குத் தோலோடு கொடுப்பதா? உரித்தாள். உள்ளே இருந்தது கையிலேயே நசுங்கிக் கூழானது. வழித்துச் சட்டியில் போட்டாள்.

ஆவி சுவரைத் தாண்டியது.

"செல்லபாய்! அது என்ன நாத்தம்?"

"பன்னி எறச்சி அக்கா. சீமப் பன்னி."

நாகம்மை சைவம். தலை உடனே மறைந்தது. குரல் மட்டும் வந்தது. "நல்ல மொளவும் பெருஞ்சீரகமும் மல்லியும் வறுத்துப் பொடிச்சுப் போடுட்டி! தெருவே நாறுது!"

போட்டாள். நாற்றம் போனது. ருசி பார்த்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது.

"எரியுது அக்கா!"

"தேங்காப்பால் ஊத்து."

ஊற்றினாள். "இப்பம் சப்புன்னு இருக்கு!"

"கொஞ்சம் புளி கரச்சு விடு."

"அய்யோ, புளிச்சுப் போச்சே!"

"கருப்பட்டி ஒரு துண்டு போடு. தேங்காய வறுத்து அரச்சுச் சேத்து, சின்ன உள்ளியும் கறிவேப்பிலயும் தாளிச்சுக் கொட்டு. அதுக்கு மேல கர்த்தர் பாத்துக்கிடுவாரு, ஒனக்க கர்த்தர்!"

ஜான்ரோஸ் விளக்கோடு வந்தபோது சட்டியில் கருஞ்சிவப்பாய் ஒன்று கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"மக்ரோனி எங்கட்டி?"

"அதுக்குள்ளதான் கெடக்கு."

"சாசேஜு?"

"அதுவும் அதுக்குள்ளதான்."

அவன் அகப்பையால் நாலு பக்கமும் துழாவினான். இரண்டில் ஒன்றும் அகப்படவில்லை. "வேற ஏதாவது வையி!" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் வில்வண்டியின் மணி கேட்டது.

மிஸ்ஸியம்மாவோடு பள்ளிக்கூட விடுதியைப் பார்த்துக்கொள்ளும் நேசபாயும் வந்திருந்தாள். மிஸ்ஸியம்மாவுக்குத் தமிழில் 'தோத்திரம்' மட்டும்தான் வரும். மிச்சத்தையெல்லாம் நேசபாய்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

ஜெபம் முடிந்தது. செல்லபாய் பரிமாறினாள். மிஸ்ஸியம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். மூக்கு சிவந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

தொலைந்தது என்று செல்லபாய் சுவரில் சாய்ந்தாள்.

மிஸ்ஸியம்மா இன்னொரு கரண்டி வைத்தாள். பிறகு இன்னொன்று. தட்டு காலியானதும் நீட்டினாள். செல்லபாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போ என்கிறாளா, இன்னும் போடு என்கிறாளா? போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள். தின்றதைப் பார்த்தால் பிடித்த மாதிரி இருந்தது. கண்ணீரைப் பார்த்தால் பழிவாங்க வந்த மாதிரி இருந்தது.

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிஸ்ஸியம்மா பேச ஆரம்பித்தாள். இங்கிலீஷ் மழைபோலக் கொட்டியது. சட்டியைக் காட்டினாள், செல்லபாயைக் காட்டினாள், தன் நெஞ்சில் கையை வைத்தாள்.

ஜான்ரோஸ் கூர்ந்து கேட்டான். அவன் முகம் வெளுத்தது.

"என்ன சொல்லுதா?" என்று செல்லபாய் அவன் காதருகே கேட்டாள்.

"கண்டுபிடிச்சிட்டா. 'மக்ரோனி'ன்னு சொன்னா. 'சாசேஜ்'னு சொன்னா. பின்ன 'டெரிபிள்'ன்னு சொன்னா."

"டெரிபிள்னா?"

"முதலாளி என்னைத் தெனமும் அப்பிடித்தான் சொல்லுவாரு."

நாலு வருஷக் காத்திருப்பு ஒரு சட்டியில் வெந்துபோனதே! மன்னிப்புக் கேட்டுவிடுவது மேல் என்று செல்லபாய் முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நேசபாய் அக்கா, மிஸ்ஸியம்மாட்ட சொல்லுங்க. இந்தச் சாமான் எனக்குப் பழக்கமில்ல. வேணும்னு கெடுக்கல்ல."

நேசபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னத்த மக்களே கெடுத்த? 'மூணு மாசமா பங்களாவுல மக்ரோனியும் சாசேஜும் தின்னு நாக்கு செத்துப் போச்சு, அது டெரிபிள். நாஞ்சில் நாட்டுச் சமையல் இவ்வளவு ருசின்னு இன்னைக்குத்தான் கண்டேன், இதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்க இவளையே திங்கக்கிழமை வேலைக்கு வரச்சொல்லு'ங்காவ!"