மாமனார் சாப்பிட்ட வௌவால்

பெண் கேட்டுப் போகிறவன் கையில் பூ கொண்டு போகலாம், பழம் கொண்டு போகலாம். நான் வௌவால் கொண்டு போனேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆம்பூரிலிருந்து லாரி ஏறி, ஓட்டலில் மாவாட்டி, செங்கல் சூளையில் இருமி, ஒரு மழைக்காலம் முழுக்கப் பெங்களூர் ரயில் நிலையத்துப் பெஞ்சில் தூங்கி (அங்கிருந்த போலீஸ்காரர் நல்லவர், காலில் மட்டும்தான் தட்டுவார்), கடைசியில் ஒரு டாக்டரிடம் வௌவால் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் நோயாளிகளைப் பார்க்காத டாக்டர். மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். நான் வலை கட்டிப் பழந்தின்னி வௌவாலைப் பிடித்து, தோல் கையுறையோடு இறக்கையை விரித்துக் காட்டினால், அவர் கொஞ்சம் ரத்தம் எடுப்பார். பிறகு அதைப் பறக்கவிட வேண்டும். அந்த ரத்தத்தைக் கண் திறக்காத எலிக்குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்றி, அவை துவளுகின்றனவா என்று பார்ப்பார்.

“வைரஸ் வௌவாலுக்குள்ள சும்மா இருக்கும்ப்பா. அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதே எலிக்கோ, குரங்குக்கோ, மனுஷனுக்கோ போனா என்ன ஆகும்? அதுதான் கேள்வி. ஸ்வல்ப கவனமா பிடி” என்பார்.

இதை நானே கண்டுபிடித்தது போல டீக்கடையில் சொல்லித் திரிந்தேன்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பங்களாத் தோட்டத்து அத்திமரம் நிறைய வௌவால். தோட்டக்காரர் முனுசாமி பின்கட்டில் குடியிருந்தார். அவருக்கு மூச்சு இழுப்பு நோய். மகள் பெயர் சரோஜா. அந்த மரத்தில் மட்டும் எனக்கு வலை கட்ட நேரம் அதிகம் பிடித்தது.

“இன்னா தம்பி, வௌவாலு மரத்து மேல கீது. நீ கெணத்தாண்டயே பாத்துனு கீற?” என்றார் முனுசாமி.

மறைத்துப் பயனில்லை என்று அவரிடமே பெண் கேட்டுவிட்டேன்.

“ஊரு ஊரா ஓடுறவனுக்கு எப்படிப்பா பொண்ணு குடுக்கறது? அத்த அப்பால பேசலாம். மெளகு போட்டு வௌவா கறி துன்னா இழுப்பு நிக்கும்ன்றாங்கோ. தெனம் புடிச்சுப் புடிச்சு உட்றியே, ஒண்ணு குடேன்.”

யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. ஆனால் நான் அதற்குள் அரை விஞ்ஞானி அல்லவா? நோய் ரத்தத்தில் இருக்கிறது, ரத்தத்தை டாக்டர் எடுத்துவிட்டார், மிச்சம் வெறும் கறிதானே! காது கிழிந்த கொழுத்த ஆண் வௌவால் ஒன்றைச் சாக்கில் போட்டுக் கொடுத்தேன்.

சரோஜா அறுத்து, மிளகு போட்டுக் குழம்பு வைத்தாள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. பழைய செருப்பை மென்ற மாதிரி இருந்தது. “பிரமாதம்” என்றேன்.

அடுத்த வாரம் டாக்டர் எலிக்கூண்டின் முன் நின்றிருந்தார். குஞ்சுகள் துவண்டு கிடந்தன.

“காக்ஸ் டவுன் மரத்து வௌவாலோட ரத்தம் இது. ஒரு காது கிழிஞ்சிருந்துச்சே, ஞாபகம் இருக்கா?”

அந்தக் காது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மற்ற பாகங்களும்தான்.

ஓடினேன். முனுசாமி மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, காய்ச்சல் அடிக்குதா? தலை சுத்துதா?”

“நீ வந்து நின்னதுலேர்ந்து சுத்துது.”

விஷயத்தைச் சொன்னேன். “எலி, மாடு, நீங்க, எல்லாம் பால் குடுக்கற ஒரே ஜாதி மாமா. எலிக்கு வந்தா உங்களுக்கும் வரலாம்.”

“நான் எப்படா பால் குடுத்தேன்?” என்று எழுந்தார்.

சரோஜா கிணற்றடியிலிருந்து வந்தாள். “எலிக்குஞ்சுக்குப் போட்டுப் பாக்கறதுக்கு முன்னாடி எங்கப்பாவுக்குப் போட்டுப் பாத்துட்டீங்களா?”

டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “சமைச்ச கறி பரவால்ல. பச்சையா அறுத்தது யாரு?”

அறுத்தவள் சரோஜா. அதுவரை தின்றவரைப் பற்றி மட்டுமே பயந்திருந்தேன்.

ஜீப் காக்ஸ் டவுனுக்குப் போனது. அப்பாவுக்கும் மகளுக்கும் ரத்தம் எடுத்தார். சில வாரம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டால்தான் தெரியுமாம். அந்த வாரங்களில் தினமும் போய் வாசலில் நின்றேன். அவள் தும்மினால் எனக்கு வியர்த்தது.

“உசிரோடதான் கீறேன், போங்க” என்பாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு எந்த ஊருக்கும் கிளம்பத் தோன்றவில்லை.

இரண்டாம் முறை டாக்டர் ஊசியை எடுத்தபோது முனுசாமி என்னைக் காட்டினார். “அய்யா, இவனும்தான் ஒரு துண்டு துன்னான். இவனுக்குக் குத்தலியா?”

“நீயுமா?” என்று டாக்டர் திரும்பினார்.

ஊசிக்குப் பயந்து அந்த ஒரு துண்டை மட்டும் அவரிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். நூற்றுக்கணக்கான வௌவால்களை ஊசிக்குப் பிடித்துக் கொடுத்த வீரன் நான், கையை நீட்டினேன். குழாயில் என் ரத்தம் ஏறுவதைப் பார்த்தது வரைதான் நினைவு. கண் விழித்தபோது என் தலை சரோஜாவின் பாதத்தின் மேல் கிடந்தது.

மூவர் ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று பின்னால் தெரிந்தது. “எலியைப் படுக்க வெச்சது மனுஷனையும் படுக்க வெக்கணும்னு இல்ல. இந்தத் தடவை தப்பிச்சீங்க. இன்னொரு தடவை வேண்டாம்” என்றார் டாக்டர். வேலையிலிருந்து என்னை நீக்கவில்லை. சாக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

முனுசாமி வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: “ஊசிக்கே உழுந்துட்டான். இவன் எங்க ஓடப் போறான்? குடுத்துரலாம்.”

இன்றும் எங்கள் வீட்டில் பெண் பார்க்க யாராவது வந்தால், சரோஜா காப்பித் தட்டோடு சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்: “பையன் ஒக்காந்தாச்சா, உழுந்தாச்சா?”

வந்தவர்கள் புரியாமல் விழிக்கிறார்கள். என் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள்.