எம்.பி.க்கு மார்க் போடுகிறவர்

ஊருக்கு ஒருவர் இருப்பார். தெருவுக்கு ஒருவர் இருந்தால் தெரு தாங்காது. எம்.பி.க்கு மார்க் போடுகிறவர் என்று இந்த இனத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். அரசியல்வாதி என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். இவர் எந்தக் கட்சியிலும் இல்லை, கொடி பிடித்ததில்லை, கோஷம் போட்டுத் தொண்டை கட்டியதில்லை. தன் தொகுதி எம்.பி. சபைக்கு வந்தாரா, வந்தவர் வாயைத் திறந்தாரா, திறந்த வாயால் கேள்வி கேட்டாரா, கேட்ட கேள்விக்கு மேல் ஒரு துணைக் கேள்வியும் கேட்டாரா, ஓட்டெடுப்பின்போது இருக்கையில் இருந்தாரா அல்லது கேன்டீனில் இருந்தாரா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்து, அத்தனையையும் சதவீதமாக்கி, அந்தச் சதவீதத்தை நம் தலையில் இறக்கி வைப்பதுதான் இவர் வேலை. சம்பளம் கிடையாது. விடுமுறையும் கிடையாது, சபைக்கே விடுமுறை விட்டால் ஒழிய.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர், "நம்ம எம்.பி.யோட வருகை எவ்வளவு, சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டால் அவர்தான். நீங்கள் சொந்த மனைவியின் பிறந்த நாளையே மறந்து வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர். எம்.பி.யின் வருகைக்கு எங்கே போவீர்கள்? "தெரியலையே சார்" என்பீர்கள். அதற்குத்தான் அவர் காத்திருந்தார். "தெரியலை! இதான் இந்த நாட்டைப் பிடிச்ச வியாதி" என்று ஆரம்பித்துவிடுவார். உங்கள் பஸ் வரும். விடமாட்டார். "தேசிய சராசரியையாவது கேட்டுட்டுப் போங்க!" தேசிய சராசரி என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கனிவு வரும் பாருங்கள், பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசும்போதுகூட அது வந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வாய்த்தவர் எங்கள் பல் டாக்டரம்மாவின் கணவர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெற்றுவிட்டு, மனைவியின் கிளினிக்கில் முன்னறை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார். இந்த இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் உலகத்தில் உண்டா? எதிரே இருப்பவர்களில் பாதிப் பேருக்குக் கன்னம் வீங்கியிருக்கும், மீதிப் பேர் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். மறுத்துப் பேச ஒருவராலும் முடியாது. "கேள்விகள்ல நம்மாளு முன்னேறிட்டாரு. விவாதத்துலதான் கொஞ்சம் பின்தங்கி இருக்காரு. என்ன சொல்றீங்க?" என்பார். "ம்ம்" என்போம். "கரெக்ட்" என்று சந்தோஷப்படுவார். நோயாளிகளாகிய நாங்கள் அவருக்குச் சபாநாயகர் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவர் காதுக்கும் எட்டியது. அவருக்குப் பிடித்திருந்தது.

மார்க் போடுவதில் அவர் கறார். ஒரு முறை எங்கள் எம்.பி., நாட்டில் எத்தனை கலங்கரை விளக்கங்களுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கிறது என்று அமைச்சரைக் கேட்டிருந்தார். எங்கள் தொகுதியில் கடல் கிடையாது. குளம்கூடச் சந்தேகம். நான் பல் வலியையும் மீறி, "நமக்கு எதுக்கு சார் அது?" என்று கேட்டுவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன கேள்விங்கறது அவர் பாடு சார். கேட்டாரா இல்லையா? அதுதான் நம்ம பாடு."

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குரல் வாக்கெடுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதுதான் அவருக்குக் கண்டம். சில மசோதாக்களுக்குச் சபையில் தனித்தனியாக ஓட்டு எண்ணமாட்டார்கள். ஆதரிப்பவர்கள் மொத்தமாக "ஆம்" என்று கத்துவார்கள், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்று கத்துவார்கள், எந்தச் சத்தம் பெரிதோ அது ஜெயித்தது. யார் கத்தினார்கள் என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. மற்றவர்கள் என்றால் விட்டுவிடுவார்கள். நம்மவர் விடுவாரா? எம்.பி.க்குப் பிறவியிலேயே கரகரத்த தொண்டை. அதைப் பிடித்துக்கொண்டார். சபை நடவடிக்கை வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நூற்றுக்கணக்கான "ஆம்"களுக்கு நடுவில் அந்த ஒரு கரகர "ஆம்" இருக்கிறதா என்று காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு தேடுவார். சந்தேகம் வந்தால் இரண்டாவது காது வேண்டுமே? அது டாக்டரம்மாவின் காது.

நான் நாற்காலியில் மல்லாந்து வாயைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள் அப்படித்தான் உள்ளே ஓடிவந்தார். பல்லைக் குடையும் மிஷின் என் வாய்க்குள் நின்றது.

"இந்த ஆம்ல ஒரு கரகரப்பு இருக்கு, கேளேன். நம்மாளுதானே?"

"ஏங்க, நோயாளி இருக்காங்க."

"ரெண்டே செகண்டு. நீ சொன்னா மார்க் போட்டுடுவேன்."

டாக்டரம்மா தலையைச் சாய்த்து ஹெட்போனை வாங்கிக்கொண்டார். "ஆமா, அவர்தான். போதுமா? போங்க." அவர் துள்ளிக்கொண்டு போய் மார்க் போட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார், மிஷின் மறுபடி உறுமியது. நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

இப்போது ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளினிக் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கேட்டை ஒட்டிய வீடு. என் வீடு அந்தப் பக்கம். என்னைப் போல டாக்டரம்மாவின் நோயாளிகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். ரயில் வருகிறது என்று கேட்டைப் போட்டுவிட்டால் சைக்கிளும் ஸ்கூட்டருமாக ஒரு கூட்டம் நிற்கும். நிற்பவன் என்ன செய்வான்? எதிரே இருக்கும் போர்டைப் படிப்பான். பல் படம் போட்ட போர்டு. படித்ததும் தன் கடைவாய்ப் பல் ஞாபகத்துக்கு வரும், நாக்கு தானாக அங்கே போகும், கேட் திறந்ததும் வண்டியைக் கிளினிக் வாசலில் நிறுத்திவிடுவான். சரக்கு ரயில் மெதுவாகப் போகும் நாட்களில் எனக்கு டோக்கனே கிடைத்ததில்லை. அந்த அம்மாள் கல்யாணத்துக்கு முன்னாலேயே இங்கே ஒற்றை நாற்காலி போட்டு ஆரம்பித்துத் தன் கையால் வளர்த்த கிளினிக் அது.

ஒரு நாள் கேட் கீப்பரின் அறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கேட் நிரந்தரமாக மூடப்படும், குறுக்கே சுவர் எழுப்பப்படும், பொதுமக்கள் மார்க்கெட்டைத் தாண்டியுள்ள மேம்பாலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கொள்ளலாமாம்! அந்தப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் வலிக்கிற பல் தானாகவே விழுந்துவிடும்.

டாக்டரம்மா முன்னறைக்கு வந்து கணவரின் மேஜை முன் நின்றார். அவர் இப்படி எதையும் கேட்டு நின்று நான் பார்த்ததில்லை.

"ஏங்க, உங்க எம்.பி. தினமும் என்னென்னவோ கேக்கறாரு. இந்தக் கேட்டைப் பத்தி ஒரு கேள்வி கேக்கச் சொல்லி எழுதுங்களேன். நீங்க எழுதினா படிப்பாங்க."

"நானா?"

"பின்ன, பல் வலின்னு வந்து உக்காந்திருக்கற இவரா எழுதுவாரு?" என்று என்னைக் காட்டினார்.

"நான் மார்க் போடறவன்ம்மா. நானே கேள்வியைச் சொல்லிக் கொடுத்து, அவர் அதைக் கேட்டு, அதுக்கு நானே மார்க் போட்டா அந்த மார்க்குக்கு என்ன மரியாதை? பரீட்சை ஹால்ல வாத்தியாரே விடை சொல்லிக் கொடுக்கலாமா?"

"இந்தக் கேட் போச்சுன்னா என் கிளினிக்கும் போச்சுங்க."

"புரியுதும்மா. ஆனா நடுநிலைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

டாக்டரம்மா கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்று எனக்கு ஊசி கொஞ்சம் அழுத்தமாகவே இறங்கியது. ஒருவர் நடுநிலை வகித்தால் இன்னொருவர் ஈறு கொடுக்கத்தானே வேண்டும்?

கணவர் கைவிட்டால் என்ன, டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கினார். சபைக்கு விடுமுறை விட்ட சமயத்தில், தொகுதி மக்களின் குறைகளைக் கேட்க எம்.பி. பள்ளிக்கூட மண்டபத்துக்கு வருகிறார் என்று தெரிந்ததும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். மண்டபம் நிறைந்திருந்தது. எம்.பி. மேடையில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, கேட்டை மூடுகிறார்கள் என்று எது எந்த மூலையிலிருந்து வந்து விழப்போகிறதோ என்ற பயம் அந்த முகத்தில் தெரிந்தது. உதவியாளர் மைக்கை நீட்டினார். முதல் வரிசையில், எல்லோருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்திருந்த ஒருவர் எழுந்து வாங்கிக்கொண்டார்.

யார் என்றா கேட்கிறீர்கள்?

"ஐயா, ஒரே நிமிஷம். உங்க வருகை எண்பத்தோரு சதவீதம். தேசிய சராசரியைத் தாண்டிட்டீங்க!"

எம்.பி.யின் கைக்குட்டை பைக்குள் போனது. சபாநாயகர் நிறுத்தவில்லை. கேள்விகள், துணைக் கேள்விகள், விவாதங்கள், பக்கத்துத் தொகுதியோடு ஒப்பீடு, போன கூட்டத் தொடரோடு ஒப்பீடு, எல்லாம் வந்தது. "தனிநபர் மசோதாலதான் கொஞ்சம் வீக்கா இருக்கீங்க" என்று கண்டிக்கவும் செய்தார். "சரி பண்ணிடறேன் சார்" என்று பள்ளிக்கூடப் பையனைப் போல எம்.பி. தலையாட்டினார். பின்வரிசையிலிருந்து நான், "கேட்! கேட்டைப் பத்திக் கேளுங்க!" என்று கத்தினேன். கத்திய வேகத்தில், பல்லில் தற்காலிகமாக வைத்திருந்த அடைப்பு வெளியே வந்து விழுந்ததுதான் மிச்சம். எம்.பி. மேடையிலிருந்து இறங்கி வந்து சபாநாயகரைக் கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். "இவரைப் போல விழிப்பான குடிமக்கள்தான் ஜனநாயகத்தின் கண்கள்" என்றார். உதவியாளர் கடிகாரத்தைக் காட்டினார். கூட்டம் முடிந்தது.

டாக்டரம்மா ஓடினார். அந்த வயதில், கையில் காகிதக் கட்டோடு ஓடி, காரின் கதவருகே பிடித்துவிட்டார்.

"ஐயா, மைக்ல பேசினாரே, அவர் வீட்டுக்காரிதான் நான். எங்க ரயில்வே கேட்டை மூடப் போறாங்க. நீங்க சபையில ஒரு வார்த்தை சொன்னா..."

"அது சபையில முடிஞ்சுபோன விஷயம்மா" என்றது அந்தக் கரகரத்த குரல். "இந்த மாதிரி கேட்டையெல்லாம் மூடச் சொல்ற ரயில் பாதைப் பாதுகாப்பு மசோதா. குரல் வாக்கெடுப்புலயே நிறைவேறிடுச்சு."

"நீங்க?"

"ஆதரிச்சேம்மா. உங்க வீட்டுக்காரரையே கேளுங்க, தேதியோட சொல்லுவாரு."

அடைப்பு விழுந்த பல்லோடு நானும் கிளினிக்குக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் டாக்டரம்மா, "அந்த ரயில் மசோதாவைப் போடுங்க" என்றார். சபாநாயகர் தேடினார். மசோதாவின் பெயரால் தேடினால் கிடைக்கவில்லை. அவர் எண்ணை மட்டும்தான் குறித்து வைத்திருந்தார். ஒருவழியாக வீடியோ ஓடியது. நூற்றுக்கணக்கான தொண்டைகள் "ஆம்" என்றன. நடுவில் ஒன்று கரகரத்தது. எனக்கு மிஷின் நின்ற அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. டாக்டரம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும்.

"நானும் அவர்தான்னு சொன்னேனே" என்றார். "கையில மிஷினோட நின்னுக்கிட்டு, அவர்தான்னு சொன்னேனே."

"வந்தாரா, ஓட்டுப் போட்டாரான்னு பார்ப்பேம்மா" என்றார் சபாநாயகர். குரல் உள்ளே போயிருந்தது. "எதுக்குப் போட்டாருங்கறது... அது நம்ம கணக்குல வராது."

டாக்டரம்மா கையைக் கழுவினார், உறையை மாட்டிக்கொண்டார், என்னை நாற்காலியில் சாய்த்தார். பிறகு கோபமே இல்லாமல், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "உங்களையும் நான் குறை சொல்லக் கூடாதுங்க. இந்த வீட்டுல உங்க வருகை நூறு சதவீதம்."

இவ்வளவு நேரம் கேலி பேசிய எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

சுவர் எழும்பிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்தப் புதுச் சுவரில் முதலில் ஒட்டப்பட்ட போஸ்டரில், எம்.பி. சபாநாயகரைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், "எண்பத்தோரு சதவீதம்! தேசிய சராசரியை வென்ற எங்கள் தலைவரே!" என்று எழுதியிருக்கிறது. நான் பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் டாக்டரம்மாவிடம் போகிறேன். வேறு யாரும் அவ்வளவாகப் போவதில்லை. அந்த அம்மாள் மத்தியான நேரங்களில் நோயாளி நாற்காலியில் தானே சாய்ந்துகொண்டு, தண்டவாளத்துப் பக்கம் பார்த்தபடி இருக்கிறார். முன்னறையில் டோக்கன் வாங்க ஆள் இல்லை, சதவீதம் கேட்கவும் ஆள் இல்லை. அதனால்தான் சபாநாயகர் இப்போது பஸ் நிறுத்தத்துக்கு வர ஆரம்பித்திருக்கிறார். ஜாக்கிரதையாக இருங்கள்.

அவரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருந்தால் போதுமா என்றுதான் எனக்குச் சந்தேகம். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு தடவை, நம்ம எம்.பி. எவ்வளவு எடுத்திருப்பார் என்று உங்கள் கை போன் பக்கம் போயிற்றே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? தப்பில்லை, பாருங்கள். பார்த்தாயிற்றா? அவர் எதற்கெல்லாம் "ஆம்" சொன்னார் என்று இருக்கிறதா?

இல்லை, நீங்கள் தேசிய சராசரியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.